கத்திரிக்காய்னாலே ஓடுறீங்களா? - ஆறு நாட்டுச் சமையலறைகள் சொல்லும் ஒரே ரகசியம்!

மதியம் லஞ்ச் பாக்ஸைத் திறக்கிறீங்க. உள்ளே கத்திரிக்காய். உங்க முகம் எப்படி மாறும்? 'ஐயோ... மறுபடியுமா?' என்று மூடி வைத்துவிட்டு, கையில் இருக்கிற போனில் பிரியாணி ஆர்டர் பண்ணுகிற ஆளா நீங்க? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நானும் அதே கட்சியில் இருந்தவள்தான். வேலைக்காக ஊரை விட்டு வந்து, தோழியுடன் ரூம் எடுத்துத் தங்கிய முதல் மாதம். கடைசி வாரம், பர்ஸ் காலி. மார்க்கெட்டில் சல்லிசாகக் கிடைத்தது கத்திரிக்காய்தான். வறுவல் செய்யலாம் என்று கடாயில் எண்ணெய் விட்டுப் போட்டேன். அடுத்த நிமிஷமே எண்ணெயைக் காணோம்! அடிப்பிடிக்கிறதே என்று மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டது. மூன்றாவது முறையும் ஊற்றினேன். கடைசியில் வெளியே எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே ரப்பர் மாதிரி ஒரு வஸ்து. அப்படியே குப்பைக்குப் போனது. காயும் போச்சு, அரை பாட்டில் எண்ணெயும் போச்சு. அன்றைக்கு ராத்திரி இருந்த கொஞ்சக் காசில் பரோட்டா.

தப்பு காயில் இல்லை, நான் அதைப் பாதியிலேயே இறக்கிவிட்டேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. 'கத்திரிக்காய் பிடிக்காது' என்று சொல்கிற பலருக்கும் பிடிக்காதது அந்தக் காய் இல்லை. அரைவேக்காட்டுக் கத்திரிக்காய்!

உள்ளே இருப்பது ஒரு ஸ்பாஞ்ச்!

ஒரு கத்திரிக்காயை நறுக்கிப் பாருங்க. வெள்ளைச் சதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பைகள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரியே. கூடவே தண்ணீரும் எக்கச்சக்கம். எடையில் 90 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் 100 கிராம் கத்திரிக்காயில் வெறும் 25 கலோரி. ஆனால், அது உறிஞ்சுகிற எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே சுமார் 120 கலோரி. 'கத்திரிக்காய் டயட்டுக்கு நல்லது' என்று சாப்பிட்டும் எடை குறையாததற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம் பாஸ்!

கடாயில் போட்டதும் அந்தக் காற்றுப் பைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால், சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற செல்கள் உடைந்து, ஸ்பாஞ்ச் அப்படியே அமுங்கிவிடும். அமுங்கும்போது, குடித்த எண்ணெயில் ஒரு பகுதியைத் திருப்பி வெளியே விடும். 'எண்ணெய் பிரிஞ்சு வரணும்' என்று அம்மா சொல்வது இதைத்தான். நாம் செய்கிற தப்பு, அது வரைக்கும் பொறுக்காமல் நடுவிலேயே எண்ணெயை ஊற்றுவது. இல்லாவிட்டால் அடுப்பை அணைப்பது.

ஆக, கத்திரிக்காய்ச் சமையலில் வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த ஸ்பாஞ்சை உடைக்கணும். உலகத்தில் கத்திரிக்காயைக் கொண்டாடுகிற நாடுகள் எல்லாம் இதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் செய்கின்றன. வாங்க, ஒரு ரவுண்டு போய் வரலாம்.

முதல் வழி: நெருப்பில் சுடு

லெபனான், சிரியா பக்கம் போனால் 'முத்தபல்' இல்லாத விருந்தே அபூர்வம். 'பாபா கனூஷ்' கேள்விப்பட்டிருப்பீங்க. அதன் நெருங்கின சொந்தம் இது. பெரிய கத்திரிக்காயை முழுசாக நெருப்பில் போட்டு, தோல் கருகி, காய் துவண்டு விழுகிற வரை சுடுவார்கள். தோலை உரித்து, சதையை மசித்து, எள்ளை அரைத்த 'தஹினி', பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்தால் ரெடி. மேலே கொஞ்சம் ஆலிவ் ஆயில். ரொட்டியால் வழித்துச் சாப்பிடணும்.

தஹினி கடையில் விலை ஜாஸ்தி. வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு மிக்ஸியில் வழவழப்பாக அரைத்தால் அதுதான் தஹினி. ஒரு பெரிய கத்திரிக்காய்க்கு இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். சிதம்பரம் பக்கத்து ஆட்கள் 'அட, நம்ம கொத்சுக்குச் சுடுற மாதிரியே இருக்கே!' என்பீங்க. அதே வேலைதான், ருசி மட்டும் வேறு.

அப்படியே ஈரானுக்குப் போகலாம். காஸ்பியன் கடலோரம் இருக்கிற கீலான் பகுதியின் ஸ்பெஷல், 'மிர்ஸா காசெமி'. சுட்ட இரண்டு கத்திரிக்காயை மசித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பல் பூண்டைத் தட்டிப்போட்டு வதக்கி, மஞ்சள்தூள், இரண்டு தக்காளி, பிறகு கத்திரிக்காய். எல்லாம் சுருண்டதும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் முடிந்தது. முட்டைப் பொடிமாஸ் செய்யத் தெரிந்த எல்லோருக்கும் இது வரும். சப்பாத்திக்குச் செம ஜோடி!

பிலிப்பைன்ஸில் இன்னும் சுலபம். 'டோர்டாங் தலோங்' என்று பெயர். நீளக் கத்திரிக்காயைக் காம்போடு சுட்டு, தோலை உரித்து, ஃபோர்க்கால் விசிறி மாதிரி தட்டையாக அழுத்துவார்கள். காம்பைப் பிடித்து, உப்பு போட்டு அடித்த முட்டையில் முக்கி, தவாவில் இரண்டு பக்கமும் பொரித்தால் கத்திரிக்காய் ஆம்லெட். காம்புதான் கைப்பிடி!

சுடும்போது இரண்டு விஷயம் முக்கியம். அடுப்பில் வைக்கும் முன் ஃபோர்க்கால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். ரூமில் இண்டக்‌ஷன் ஸ்டவ் மட்டும்தான் என்றால், கத்திரிக்காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, எண்ணெய் இல்லாத தவாவில் மூடி போட்டு, திருப்பித் திருப்பி வேகவிடுங்கள். புகை வாசனை வராது. ஆனால், ஸ்பாஞ்ச் உடையும்.

இரண்டாவது வழி: ஆவியில் வேகவை

சீனாவின் சிச்சுவான் பகுதியில் 'யூஷியாங்' கத்திரிக்காய் ரொம்பப் பிரபலம். அந்தப் பெயருக்கு 'மீன் வாசனை' என்று அர்த்தம். ஆனால், அதில் மீனே கிடையாது! புளிக்கவைத்த மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் சேர்ந்த கூட்டணிக்கு அங்கே அப்படி ஒரு பெயர். மீன் சமைக்கப் பயன்படுத்திய மசாலா என்பதால் வந்த பெயர் என்பார்கள்.

ரெஸ்டாரன்ட்டில் கத்திரிக்காயை நிறைய எண்ணெயில் பொரித்துத்தான் இதைச் செய்வார்கள். வீட்டில் அது தேவையில்லை. நீளத் துண்டுகளாக நறுக்கி, இட்லிப் பாத்திரத்தில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். எண்ணெய் படும் முன்பே ஸ்பாஞ்ச் அமுங்கிவிடும். பிறகு கடாயில் இரண்டே ஸ்பூன் எண்ணெய். இஞ்சி, பூண்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதை வதக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், அதே அளவு வினிகர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் கார்ன்ஃப்ளார் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். கெட்டியானதும் வெந்த காயைப் போட்டு இரண்டு புரட்டு. வெங்காயத்தாள் தூவி இறக்கினால், சுடச்சுடச் சோற்றுக்குப் பக்கா காம்பினேஷன்.

மூன்றாவது வழி: உப்பு, எண்ணெய், பொறுமை

துருக்கியில் ஒரு டிஷ்ஷின் பெயரே 'இமாம் மயங்கி விழுந்தார்'. துருக்கி மொழியில் 'இமாம் பயில்தி'. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். இமாமுக்குக் கல்யாணம். எண்ணெய் வியாபாரியின் மகள், சீர்வரிசையாக 12 ஜாடி ஆலிவ் ஆயில் கொண்டுவந்தாளாம். தினமும் ராத்திரி கத்திரிக்காய் சமைத்தாள். 13-வது நாள் சாப்பாட்டில் கத்திரிக்காயைக் காணோம். கேட்டால், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள். மனுஷன் மயங்கி விழுந்துவிட்டார்! கதைதான். ஆனால், மூன்று முறை எண்ணெய் ஊற்றிய எனக்கு அந்த இமாமின் வலி புரிகிறது.

செய்முறை இதுதான். தோலைக் கோடு கோடாகச் சீவி, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து துடைத்து, லேசாக எண்ணெயில் புரட்டுவார்கள். நடுவில் கீறி, வதக்கிய வெங்காயம், பூண்டு, தக்காளியை அடைத்து, மூடி போட்டு முக்கால் மணி நேரம் சின்னத் தீயில் வேகவிடுவார்கள். நன்றாக ஆறிய பிறகே சாப்பிடுவது அங்கே வழக்கம்.

இத்தாலியின் சிசிலித் தீவில், கட்டானியா ஊர்க்காரர்களின் பெருமை 'பாஸ்தா அல்லா நோர்மா'. 1801-ல் அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் 'நோர்மா' ஓபரா 1831-ல் மிலன் நகரில் அரங்கேறியது. அந்தப் பெயர்தான் இந்தப் பாஸ்தாவுக்கும். கத்திரிக்காய் வில்லைகளில் உப்பு தூவி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் கசியும். அதைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரித்து, தக்காளி சாஸ், பேசில் இலையோடு பாஸ்தாவில் சேர்ப்பார்கள். மேலே உப்பிட்டு உலர்த்திய 'ரிக்கோட்டா சலாட்டா' சீஸ் துருவல்.

உப்பு இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. அது உள்ளே இருக்கிற தண்ணீரை இழுத்து, சதையைத் தளரவைத்து, எண்ணெய் குடிப்பதைக் குறைக்கிறது. கத்திரிக்காயின் காறலும் மட்டுப்படும்.

ஊர் சுற்றிய காய்!

இந்தப் பயணம் புதுசு இல்லை. கத்திரிக்காயின் பூர்வீகம் ஆசியாதான். சம்ஸ்கிருதப் பெயர் பாரசீகத்துக்குப் போய், அரபியில் 'பாதிஞ்சான்' ஆகி, ஸ்பெயினில் 'பெரன்ஹேனா' என்றும் பிரான்ஸில் 'ஓபர்ஜீன்' என்றும் உருமாறியது. தமிழில் இதற்கு வழுதுணங்காய் என்று ஒரு பழைய பெயர் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் 'வழுதனங்ங'தான்!

வாங்கும்போது கவனிங்க

* தோல் பளபளப்பாக, காம்பு பச்சையாக இருக்கணும். அழுத்தினால் மறுபடி எழணும்.
* முற்றிய காயில் விதையும் கசப்பும் அதிகம். பிஞ்சாகப் பார்த்து எடுங்க.
* ஃப்ரிட்ஜின் கடும் குளிர் இதற்கு ஆகாது. புள்ளி விழுந்து உள்ளே கறுக்கும். இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க.
* நறுக்கியதும் தண்ணீரில் போடுங்க. காற்று பட்டால் கறுக்கும்.
* சாப்பிட்டதும் வாய், தொண்டை அரித்தால் 'அது அப்படித்தான்' என்று விடாதீங்க. சிலருக்குக் கத்திரிக்காய் அலர்ஜி உண்டு. டாக்டரிடம் கேட்பது நல்லது.

ஆறு டிஷ்ஷையும் ஒரே வாரத்தில் செய்யச் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கத்திரிக்காய் வாங்குங்க. தோல் கருகி, காய் துவண்டு, 'அளவுக்கு மேல சுட்டுட்டோமோ' என்று பயம் வருகிற வரைக்கும் அடுப்பில் வையுங்க. பயம் வந்த பிறகும் இன்னும் ரெண்டு நிமிஷம். அப்புறம் தோலை உரித்து, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.

அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா... சரி, பிரியாணியை ஆர்டர் பண்ணிக்கோங்க. ஆனா ஒண்ணு, அதுக்குத் தொட்டுக்கவும் கத்திரிக்காய்தான் வரும்!