ஒரு பெட்டகம், பல திரைகள்

பஞ்சாயத்து மன்றத்தில் ஒரே வானொலிப் பெட்டி இருக்க, ஊரார் அனைவரும் அதனைச் சூழ்ந்தமர்ந்து கேட்ட காலம் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொலைக்காட்சி சோதனை முறையில் தொடங்கியபொழுதும், பொதுவிடங்களில் வைத்த பெட்டிகளின் முன்பே மக்கள் கூடினர். இன்று நிலைமை தலைகீழ். கூடத்தில் ஒரு பெட்டி, படுக்கையறையில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. காண விழையும் படமோ எவருடைய கைப்பேசியிலோ, எந்தக் குறுந்தகட்டிலோ முடங்கிக் கிடக்கின்றது. அவை யாவற்றையும் ஓரிடத்தே தொகுத்து, வேண்டிய திரைக்கு வருவித்துக்கொள்ளும் ஏற்பாட்டையே மீடியா சர்வர் என்கின்றனர். 'ஊடகப் பெட்டகம்' என மொழிபெயர்க்க எங்களுக்கு ஆசைதான். ஆனால் கடையில் அப்பெயரைச் சொன்னால் இரும்புப் பெட்டியைக் காட்டுவார்கள்.

எங்கள் குடும்ப வீடு பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ளது. உறவினரோ இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் மலையில் வாழ்கின்றனர். இரு வீடுகளிலும் இதனை அமைத்துப் பார்த்தோம்.

பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பழைய கணிப்பொறி ஒன்றும், 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் போதும். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 3.6 ஜிகாபைட் இடம் கொள்ளும். ஆகவே அந்த வட்டில் 550 மணி நேரக் காட்சிகள் அடங்கும். மென்பொருள்களுள் ஜெல்லிஃபின் இலவசமானது. 2018ஆம் ஆண்டு எம்பி என்ற மற்றொன்றினின்று கிளைத்தது. அதனை நிறுவி, படங்கள் உள்ள கோப்புறையைக் காட்டிவிட்டால், தானே பட்டியலிட்டுக்கொள்ளும். தொலைக்காட்சியில் அதன் செயலியை நிறுவிச் சர்வரின் முகவரியைக் கொடுத்தல் வேண்டும்.

இம்முகவரியில்தான் பலர் இடர்ப்படுகின்றனர். வீட்டுக் கருவிகளுக்கு எண்முகவரி வழங்குவது ரௌட்டர். மின்சாரம் போய் வந்தபின் அது வேறோர் எண்ணைச் சர்வருக்கு அளித்துவிடக்கூடும். தொலைக்காட்சியோ பழைய எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் நாள்தோறும் மின்சாரம் தடைப்படும் மலையில், சர்வர் பழுதுபட்டதென்றே முதலில் எண்ணினோம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்திற் புகுந்து, சர்வருக்கு ஓரெண்ணை நிலையாக ஒதுக்கிய பிறகே தொல்லை தீர்ந்தது.

தொலைக்காட்சிக்குப் படத்தின் வடிவம் தெரியாதாயின், சர்வர் அதனை ஓடும்போதே மாற்றிக் கொடுக்க முயலும். பழைய கணிப்பொறி அவ்வேலையில் திணறும். எனவே பெரும்பாலான பெட்டிகள் அறிந்த எச்.264 வடிவத்திலேயே படங்களைச் சேமித்தல் நலம். மூன்று திரைகள் ஒருங்கே ஓடினும் விநாடிக்கு 24 மெகாபிட்தான். சாதாரண கம்பி எளிதில் தாங்கும். கம்பியில்லா அலையோ கருங்கற்சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆதலின் மலைவீட்டிற் கம்பியே இழுத்தோம். இடி முழங்கும் ஐப்பசி மாலைகளில் மின்செருகியையும், வெளியினின்று வரும் இணையக் கம்பியையும் கழற்றிவிட மறக்கலாகாது.

ஒரு வியப்பு: இவ்வளவுக்கும் இணையம் தேவையில்லை. படங்களின் பெயரும் முகப்பும் திரட்டுவதற்கு மட்டுமே அது வேண்டும். மண் சரிந்து கம்பி அறுந்த நாட்களிலும் வீட்டுப் படங்கள் தடையின்றி ஓடின.

சமவெளியில் பகை வேறு, அது வெயில். பாலக்காட்டில் கோடை 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று. அழகுக்காகச் சர்வரை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். மூன்றாவது சித்திரையில் வட்டு செத்தது. திரைப்படங்கள் போனால் போகட்டும், மீண்டும் வாங்கலாம். எங்கள் தாயார் முற்றத்தில் அமர்ந்து பேசிய ஒரே காட்சியும் அதனுள் இருந்தது. மீட்டுத் தருவோரிடம் கொடுத்தும் பயன் விளையவில்லை.

சர்வரில் இருப்பதாலேயே ஒன்று பத்திரமாகிவிடாது. மறுபடி ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும், அதே அலமாரியில் அன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களை மூடி, 70 பேரைக் கொண்டுபோயிற்று. உயிரின் முன்னே படம் எம்மாத்திரம்? ஆயினும் எஞ்சியோர்க்கு, மாண்டவரின் நிழற்படம் ஒன்று எத்துணைப் பெரிது!

இப்பொழுது தீபாவளிக்கு மலையிலிருந்து ஒரு வட்டு கொழிஞ்சாம்பாறைக்கு இறங்குகின்றது. எங்களுடையது ஒன்று பலகாரப் பையோடு மலையேறுகின்றது.