மொட்டை மாடியில் மின்சாரம் விளைகிறது!

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. மிளகாயைக் காயப் போட்டால் சருகாகிவிடும்.

"இந்த வெயிலைப் பிடித்து மின்விசிறியைச் சுற்ற வைத்தால் என்ன?"

சுற்ற வைக்கலாம். அதற்குத்தான் சோலார் தகடு.

இன்று பல வீடுகளில் இதைப் பற்றித்தான் பேச்சு. "மாடியில் சோலார் போட்டுவிடலாமா?" என்று கணவர் கேட்கிறார்.

"போடலாங்க. ஆனால் வடகம் எங்கே காய வைப்பது? பணத்துக்கு எங்கே போவது? கரண்டு போனால் இது எரியுமா?" என்று மனைவி கேட்கிறார்.

மூன்றும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

19 வயதுப் பையன் கண்ட அதிசயம்

முதலில் தகட்டின் கதை. 1839-ல் பிரான்சு நாட்டில் பெக்கெரல் என்ற 19 வயது இளைஞர் ஓர் அதிசயத்தைக் கண்டார். சில பொருள்களின் மீது வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகிறது என்பதே அது.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், சிலிக்கானைக் கொண்டு நல்ல சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். மணலில் இருக்கிறதே, அந்தச் சிலிக்கான்தான்! 1958-ல் அது செயற்கைக் கோளில் ஏறி வானத்துக்கே போனது. இப்போது நம் மாடிக்கு வந்திருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. தகடு அதிகமாகச் சூடேறினால் மின்சாரம் சற்றுக் குறையும். ஆகவே அதன் அடியில் காற்று புகுந்து வர இடம் விட வேண்டும்.

வடகம் காயுமா?

ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டு கிலோவாட் என்றால் 200 சதுர அடி. அந்த இடத்தில் நிழல் விழக் கூடாது. தென்னை மரமும் தண்ணீர்த் தொட்டியும் நிழல் தந்தால் மின்சாரம் குறையும்.

நம் ஊர்கள் பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கின்றன. அதனால் தகடு தெற்கே பார்த்து, சற்றே சாய்ந்து இருக்க வேண்டும். மீதி இடத்தில் தாராளமாக வடகம் போடலாம்!

அரியலூர்க்காரர்களுக்கு ஒரு வேலை கூடுதல். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊர் அது. தகட்டில் தூசி படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும்.

பணம் எவ்வளவு மிச்சம்?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளில் தகடு போடுவது அதன் நோக்கம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம். தகடு இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வேலை முடிந்து, மீட்டர் பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஈடு கேட்காத வங்கிக் கடனும் உண்டு.

ஒரு கிலோவாட், நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் 8 யூனிட். இரண்டு மாதத்தில் 480 யூனிட். மழை நாளில் குறையும்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆகவே இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள சிறு குடும்பம், பக்கத்து வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கித் தகடு போட வேண்டாம். ஏ.சி., மோட்டார், குளிர்பெட்டி என்று 500 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீட்டுக்குத்தான் லாபம். பழைய பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அதுதான் சரியான யோசனை சொல்லும்.

கரண்டு போனால்?

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

பகலில் மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியாக வெளியே போகிறது. இரவில் வெளியிலிருந்து வருகிறது. இருவழி மீட்டர் இரண்டையும் குறித்துக்கொள்கிறது. கழித்தது போக மீதிக்குத்தான் பில். ஆனால் வெளியே கரண்டு நின்றால், பாட்டரி இல்லாத சோலாரும் உடனே நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் விசிறி சுற்றாது!

2011-ல் தமிழக அரசு கிராமத்து ஏழைகளுக்குக் கட்டித் தந்த பசுமை வீடுகளில் ஐந்து சூரிய விளக்குகள் இருந்தன. அது பாட்டரியில் சேர்த்து வைக்கும் முறை. பாட்டரி வேண்டுமென்றால் செலவு கூடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும்.

"வெயில் இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும்?" என்று கேட்கலாம்.

கரண்டு நின்ற நேரத்தில்தான் லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். கம்பி செத்திருக்கிறது என்று நம்பித் தொடுகிறார். அப்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் கருவி தானாக நின்றுகொள்கிறது.

இதைக் கேட்ட எந்தத் தாயும் குறை சொல்ல மாட்டார். "அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே! கொஞ்ச நேரம் பனை ஓலை விசிறியால் விசிறிக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார்.