பாட்டனார் வைத்துச் சென்ற கைத்துப்பாக்கி

பெங்களூரின் கண்டோன்மெண்ட் பகுதியில், பிரேசர் டவுனுக்கும் குக் டவுனுக்கும் அண்மையில் அமைந்திருப்பது ரிச்சர்ட்ஸ் டவுன். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படைக்கெனப் பாளையம் நிறுவிய நாள் தொட்டு, அதனைப் பின்பற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய முன்னோர் விட்டுச் சென்ற பொருள்கள் பழைய இல்லங்களில் இன்றும் கிடக்கக் காண்கிறோம். பித்தளைக் குத்துவிளக்கும் தேக்குமரப் பெட்டியும் போல, சில வீடுகளில் ஒரு பழைய கைத்துப்பாக்கியும் அலமாரியின் அடியறையில் உறங்குவதுண்டு.

விடுமுறைக்கு வரும் பேரன் அதனை எடுத்துப் பார்க்கிறான். பிடியின் திருகாணி தளர்ந்திருக்கிறது; உள்ளிருக்கும் சுருள்வில் சோர்ந்திருக்கிறது; விசையை இழுத்தால் சுத்தி விழுவதில்லை. ‘இது சிறு வேலைதானே? ஒரு திருப்புளியும் சிறிது எண்ணெயும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாமே!’ என்று அவனுக்குத் தோன்றுவது இயல்பே. மிதிவண்டிக்கும் தையற்பொறிக்கும் அந்த எண்ணம் முற்றும் பொருந்தும், கைத்துப்பாக்கிக்குப் பொருந்தாது. அது ஏன் என்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது காரணம் உயிரைப் பற்றியது. தோட்டாக் கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது எனப் பலரும் எண்ணுகின்றனர். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் கூட்டை எடுத்த பின்னரும் குழலின் அடியிலுள்ள அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். மேல்மூடியைப் பின்னிழுத்து அறையைக் கண்ணால் பார்த்தாலன்றி அதனை அறிய முடியாது. மேலும், விசைக்கும் சுத்திக்கும் இடையே கொளுவி நிற்கும் சிறு பல்தான் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துகிறது. அப்பல்லை அரத்தால் சிறிது தேய்த்தாலும், கீழே வைக்கும்போதே தானாக வெடிக்கும் நிலை உண்டாகலாம். தேய்ந்த சுருள்வில்லுக்கு மாற்றாகக் கைக்குக் கிடைத்த கம்பியை வளைத்துப் பொருத்துவதும் இத்தகைய கேட்டையே விளைக்கும்.

இரண்டாவது காரணம் சட்டம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதை இந்தியருக்குத் தடுத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதனை நீக்கி, நாட்டினர் அனைவருக்கும் பொதுவாக 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்தல், விற்றல், உருமாற்றுதல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் சேர்த்து, அதற்கெனத் தனி உரிமம் பெற்றோரே செய்யலாம் என வரையறுக்கிறது. துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமம் வேறு. அதனைப் பழுதுபார்க்கும் உரிமம் வேறு. 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின்னர், இப்பிரிவை மீறுவோர்க்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறையும், ஆயுட்சிறை வரையிலான தண்டனையும் விதிக்க இடமுண்டு. ஒரு திருகாணிக்காக இத்துணைப் பெரிய இடரைத் தேடிக்கொள்வார் உண்டோ?

இங்கு நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பழமை கருதிப் போற்றப்படுவதோ, வழக்கொழிந்த அமைப்புடையதோ, பழுதடைந்ததோ ஆகிய ஆயுதத்திற்கு அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் அது சுட இயலாததாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. எனவே, இன்று சுடாது என்பது மட்டும் போதாது. ஒரு சுருள்வில்லை மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை. ‘ஓடாத பழம்பொருள்தானே’ என்று நம்பியிருக்கும் குடும்பத்தினர், அதனை ஓடச் செய்ய முயலும் செயலாலேயே, அஃது உரிமம் வேண்டும் ஆயுதம் என்பதை மெய்ப்பித்தவராவர்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதற்கண், பாட்டனார் பெயரில் உரிமம் இருந்ததா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பழைய காகிதங்களைத் தேடிப் பார்த்தல் வேண்டும். உரிமம் காலாவதியானால், துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாது அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்குமாறு 21ஆம் பிரிவு பணிக்கிறது. தாமே சுமந்து செல்லாமல், முன்னதாகக் காவல் நிலையத்திற்குத் தெரிவித்து அவர்கள் கூறும் வழியில் நடப்பதே அறிவுடைமை. ஒப்படைத்தால் பொருள் பறிபோய்விடும் என அஞ்ச வேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டின் விதிகள், உரிமம் பெற்றவர் மறைந்த பின்னர் அவருடைய சட்டப்படியான வாரிசு தம் பெயரில் உரிமம் கோர வழிவகுக்கின்றன. உரிமம் பெற்றவர் எழுபது வயதை அடைந்தாலும், இருபத்தைந்து ஆண்டுகள் அத்துப்பாக்கியை வைத்திருந்தாலும், அவர் வாழும்போதே வாரிசுக்கு மாற்றக் கோரலாம். பெங்களூர் நகரில் இவ்விண்ணப்பம் காவல் ஆணையரிடம் செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து உரிமத்தோடு குடிபெயர்ந்து வந்தோர், புதிய இடத்து அதிகாரிக்கு அதனைத் தெரிவிக்க மறத்தலாகாது.

உரிமம் உள்ளவர் தம் கையால் செய்யத்தக்க பேணுதலும் உண்டு. பெங்களூரின் மழைக்காலத்தில் இரும்புக்குப் பகை துருவேயாகும். தோலுறை ஈரத்தை ஈர்க்கும். ஆதலின் நெடுங்காலம் அதனுள் இட்டு வைத்தல் தவறு. பழந்தோட்டாக்களின் வெடிமுனைகளில் இருந்த உப்பு குழலினுள் தங்கி ஈரத்தை உறிஞ்சித் துருவேற்றும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது, வெந்நீரே கரைக்கும். ஆதலின் முதலில் வெந்நீர், பின்னர் நன்கு உலர்த்தல், அதன் பின்னரே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு என்பது முறை. பளபளப்பாக்கும் ஆசையால் மணற்தாளால் தேய்ப்போர், இரும்பின் நீலக் காப்பையும் அதனோடு அப்பொருளின் மதிப்பையும் போக்கிவிடுகின்றனர். துடைத்தல், எண்ணெயிடுதல் இவற்றுக்கு அப்பால் செல்லும் வேலை எதுவாயினும், உரிமம் பெற்ற கைவினைஞரிடமே கொடுத்துவிடல் வேண்டும்.

முன்னோர் பொருளைப் போற்றுவது தமிழர் மரபு. ஆயின் போற்றுதல் வேறு, இயக்கிப் பார்த்தல் வேறு. ஒருகால் ஒரு வீட்டின் பெருமையாக இருந்த பொருள், ஒரு சிறுவனின் விரலால் ஒரு வீட்டின் துயரமாக மாறுதல் கூடாது. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வெவ்வேறு பூட்டுகளுக்குள் வையுங்கள். திறவுகோல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாது வையுங்கள். பாட்டனார் எங்குப் பணிபுரிந்தார், எப்படி வாழ்ந்தார் என்ற வரலாற்றையோ அவர்களுக்கு வாய் நிறையச் சொல்லுங்கள். அக்கதைக்கு உரிமம் வேண்டுவதில்லை. எத்தனை தலைமுறை கைமாறினாலும் அது துருப்பிடிப்பதுமில்லை.