வேகமும் மனச்சான்றும்

கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஜனவரித் திருவிழாவுக்கும், செப்டம்பர் 8-ஆம் நாள் விழாவுக்கென வேளாங்கண்ணிக்கும், நம் பெண்ணாடம் பகுதி இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் குழுவாகப் புறப்படுவது மகிழ்ச்சி தரும் காட்சியே. முன்னோர் நாள்கணக்கில் நடந்து அடைந்த தலத்தை இவர்கள் சில மணி நேரத்தில் அடைகின்றனர். ஒருமுறை வண்டிகளை மந்திரிக்க வந்தவர்களிடம், "எவ்வளவு வேகத்தில் போவீர்கள்?" என்று கேட்டேன். "போலீஸ் நிற்கிற இடமெல்லாம் எங்களுக்குத் தெரியும், சாமி" என்று சிரித்தான் ஒருவன்.

அச்சிரிப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. காவலர் கண்முன் மட்டும் மதிக்கப்படும் சட்டம், மனச்சான்றைத் தொடாத சட்டமன்றோ?

2018-இல் நடுவண் அரசு, மோட்டார் சைக்கிளுக்கு நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டரும் பிற சாலைகளில் 60 கிலோமீட்டரும் உச்ச வேகமென அறிவித்தது. வாகனங்களின் வேக வரம்பை உயர்த்திய அவ்வறிவிக்கையை, மிகுவேகம் உயிர்ப்பலியைப் பெருக்குமெனக் கருதி, 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

வேகத்தால் நாம் பெறும் ஆதாயந்தான் என்ன? பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 60-இல் சென்றால் 20 நிமிடம். 80-இல் சென்றால் 15 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம்! ஆனால் 80-இல் செல்பவன் ஒரு நொடி கவனம் பிசகினால், வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். மோதலின் ஆற்றலோ 60-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1¾ மடங்கு. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமாகப் பதிவாயிற்று.

பிறரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஒரு ஞாயிறன்று, கிளைக் கிராமத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று என் வண்டியை விரட்டினேன். ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி சாலைக்கு ஓடிவந்தாள். வண்டி நின்றபோது எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு முழமே இருந்தது. அன்று பீடத்தில் என் கைகள் நடுங்கின. இறைபணிக்கென்று விரைந்தாலும் தவறு தவறே என்று அன்று உணர்ந்தேன்.

வேக மோகத்தால் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிப்பவர் பெருங்குற்றத்துக்கு உள்ளாகிறார் என்பது, 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனை. 2007-இல் வத்திக்கான் ஓட்டுநர்களுக்கென வழங்கிய பத்துக் கட்டளைகளில் முதலாவது, கொலை செய்யாதே என்பதே.

விருத்தாசலத்துப் பீங்கானை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்திலும் நிதானமாகவே செல்வார். சரக்கு உடையுமென அவர் அறிவார். நம் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும் பீங்கானினும் மலிந்தவர்களா?

இளைஞரே, அரைமணி முன்னதாகப் புறப்படுங்கள். குழுவில் மெதுவாகச் செல்பவரை முன்னே விடுங்கள். தலைக்கவசத்தை மறவாதீர்கள். காவலர் இல்லாத சாலையிலும் வரம்பைக் கடவாதீர்கள். நீங்கள் திரும்பி வரும்வரை வீட்டில் ஜெபமாலையோடு காத்திருக்கும் தாயை எண்ணிக்கொள்ளுங்கள்.