பழகாத பாட்டும் பாடலாம்

பள்ளிக்கூட நாட்களில் நான் நன்றாகப் பாடுவேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அந்தப் பாட்டு எப்போது என்னை விட்டுப் போனதென்று எனக்கே தெரியாது. பிறகு யாராவது பாடச் சொன்னால், "எனக்கு முறையான சங்கீதம் தெரியாது" என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

அண்மையில் ஒருநாள் நான் தையல் இயந்திரத்தின் முன் இருந்தேன். அக்காவின் மகள் தன் குழந்தையை நித்திரையாக்கக் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டாள். மொழி விளங்கவில்லை, தாலாட்டு என்பது மட்டும் விளங்கியது.

"சித்தி, இவ அமெரிக்காவில பெரிய சினிமா நடிகை, பாட்டுக்காரி. இது அவ பாடின சாஸ்திரியப் பாட்டு" என்றாள்.

அந்தப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட். 1942இல் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். தவழும் வயதிலேயே தந்தையை இழந்தார். முறையாகச் சங்கீதம் படித்தவரல்லர். இசைக்குறிகளை வாசிக்கவும் தெரியாது. ஆனாலும் நாடகம், சினிமா, இசைத்தட்டு என எல்லாவற்றிலும் புகழ்பெற்றார்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. 1967இல் நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் பெருந்திரளான மக்கள் முன் பாடும்போது பாட்டின் வரிகள் மறந்துபோயின. அந்தப் பயம் பல ஆண்டுகள் அவரை மேடைகளிலிருந்து ஒதுங்கச் செய்தது. 1994இல்தான் மீண்டும் ஊர் ஊராகச் சென்று பாடினார்.

இடைப்பட்ட அந்தக் காலத்தில், 1973இல், தனக்குப் பழக்கமில்லாத மேலைத்தேய சாஸ்திரிய இசையை ஒலிப்பதிவு செய்ய முன்வந்தார். ஜேர்மனியில் பிறந்த இசையமைப்பாளர் கிளவுஸ் ஓகர்மன் வாத்தியக் குழுவை நடத்தினார். பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலி, இலத்தீன் மொழிப் பாடல்களை எல்லாம் பார்ப்ரா பாடினார். 'கிளாசிக்கல் பார்ப்ரா' என்ற அந்த இசைத்தட்டு 1976இல்தான் வெளிவந்தது.

ஒப்பெராப் பாடகர்கள் ஒலிவாங்கி இல்லாமலே வாத்தியங்களை மீறிக் கேட்கும்படி பாடப் பயின்றவர்கள். பார்ப்ரா அவர்களோடு போட்டிக்குப் போகவில்லை. ஒலிவாங்கியின் அருகே நின்று, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பாடினார். நான் கேட்ட தாலாட்டு, பிரான்சின் ஓவெர்ஞ் மலைநாட்டுக் கிராமத்துப் பாட்டு. அதற்கு அந்தக் குரல் எவ்வளவு பொருத்தம்!

இன்னொரு பாட்டு என்னை வேலையை நிறுத்தவைத்தது. அது 1711இல் லண்டனில் மேடையேறிய ஹாண்டலின் 'ரினால்டோ' ஒப்பெராவில் வருவது. போர்க்காலத்தில் சிறைப்பிடிக்கப்பட்ட ஒரு பெண், தன் விதியை நினைத்து அழவாவது விடும்படி கேட்கிறாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பெண்ணின் கேள்வி நமக்குப் புதிதா, சகோதரிகளே?

இசைத்தட்டை எல்லோரும் மெச்சவில்லை. மிகவும் அடக்கி வாசித்துவிட்டார், உயிரோட்டம் போதாது என்றார்கள் சிலர். புகழ்பெற்ற பியானோ கலைஞர் கிளென் கூல்ட், தான் அவருடைய தீவிர இரசிகர் என்று எழுதியதோடு குறைகளையும் எடுத்துக் காட்டினார். கிராமி விருதுக்கான சாஸ்திரியப் பாடகர் பிரிவிலே இசைத்தட்டின் பெயர் முன்மொழியப்பட்டது, விருது கிடைக்கவில்லை. 2013இல் மேலும் இரண்டு பாடல்களைச் சேர்த்து அதை மறுபடி வெளியிட்டார்கள்.

விருது கிடைக்காவிட்டால் என்ன? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரின் துணையோடு, தன் குரலுக்கு ஏற்ற அளவில் அவர் செய்து பார்த்தார். நம்மில் பலர் நாற்பது வயதுக்கு மேல் புதிய தொழில் பழகுகிறோம். கணக்குப் புத்தகம் எழுதவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் கூசுகிறோம். "முறையாகப் படிக்கவில்லை" என்ற சொல் நம் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் இரவு குழந்தை சிணுங்கியது. கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. நான் தூக்கி மடியில் வைத்து, அம்மா பாடிய தாலாட்டை மெல்லப் பாடினேன். இடையில் இரண்டு வரி மறந்துபோனது. குழந்தை அதைக் கவனிக்கவில்லை, நித்திரையாகிவிட்டது.