பூட்டிய பள்ளிக்கூடமும் திறந்திருந்த கொல்லையும்



பயிற்சி முகாம்களுக்குப் போகும்போதெல்லாம் இளம் தம்பதிகள் ஒரு கேள்வியோடு வருவார்கள். "அக்கா, வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து இயற்கை விவசாயம் பண்ணலாம்னு இருக்கோம். பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வயல்லயே வளர்த்துடலாமா? மண்ணு சொல்லித் தராததையா பள்ளிக்கூடம் சொல்லித் தரப்போகுது?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்கள் வீட்டில் இது பேச்சாக மட்டும் இருந்ததில்லை. 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது, நாலு பிள்ளைகள் முழுநேரமும் வயலிலும் கொல்லையிலும்தான் இருந்தார்கள். அப்போது மண் எதைச் சொல்லித் தந்தது, எதைச் சொல்லித் தரவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒன்பது பேர்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குப் பத்து மா நிலம். பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, அறுப்புக்குப் பின் உளுந்து. ஒரு கறவை மாடு, இரண்டு கன்று. வீட்டில் என் மாமியார், நான், வீட்டுக்காரர், பத்தாவது படித்த மகள், ஐந்தாவது படித்த மகன்.

மார்ச் 17-ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று 21-ஆம் தேதி சென்னையில் இருந்து கொழுந்தனார் குடும்பம் வந்தது. அவர், என் ஓரகத்தி, ஏழாவது படிக்கும் பெண், இரண்டாவது படிக்கும் பையன். 24-ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவிப்பு வந்தது. நாலு நாளுக்கு எடுத்து வந்த துணிப்பையோடு ஆறு மாசம் இருந்தார்கள். செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினார்கள்.

கொழுந்தனாருக்கு ஏப்ரல் மாசம் பாதிச் சம்பளம் வந்தது. மே மாசம் அதுவும் வரவில்லை. எங்கள் அரிசி மூட்டைகள் சென்னைக்குப் போக வண்டி இல்லாமல் வீட்டிலேயே கிடந்தன. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினால், பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அதனால் மூன்றாவது வாரத்தில் ஒரு முடிவு செய்தோம்: கையில் எவ்வளவு பணம் இருக்கு, வீட்டில் எவ்வளவு நெல் இருக்கு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவது. குதிரைத் திறந்து காட்டினோம். அடுத்த அறுப்பு வரைக்கும் சோற்றுக்குக் கவலை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, இரண்டாம் வகுப்புப் பையன் ராத்திரியில் எழுந்து அழுவது குறைந்தது. சொந்த நெல் வைத்திருக்கும் வீட்டுக்குக் கிடைக்கிற தைரியம் அது.

உளுந்துக் களத்தில் கணக்கு

ஊரடங்கு வந்த நேரம் உளுந்து எடுக்கும் நேரம். விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று சில நாளில் அறிவிப்பு வந்தது. ஆனாலும் வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வரும் இடத்தில் ஐந்து பெண்கள்தான் வந்தார்கள். உளுந்து காத்திருக்காது. நெற்று காய்ந்துவிட்டால் வெயில் ஏற ஏற வெடித்துச் சிதறும். பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்கி முடிக்கணும். வீட்டில் எல்லோரும் விடியற்காலையில் வயலில் இறங்கினோம்.

பிள்ளைகளுக்கு உதிர்ந்த நெற்று பொறுக்கும் வேலை. எட்டு மணிக்கு அவர்களைக் கரையேற்றிவிடுவோம். களத்தில் காயவைத்து, அடித்து, தூற்றி, நாலு மூட்டையும் கொஞ்சமும் வந்தது.

மாமியார் மரக்காலில் அளந்தார். என் மகன் அதையே தராசில் வைத்துக் கிலோவாக எழுதினான். "அப்பாயி, நெல்லு ஒரு மரக்கால் எவ்ளோ வரும்?" என்று கேட்டு அதையும் எடை போட்டான். ஒரே மரக்கால், நெல் எடை குறைவு. ஏன் என்று இரண்டு நாள் சண்டை. "நெல்லுக்கு உமி இருக்கு, உமிக்குள்ள காத்து இருக்கு" என்று சொன்னது சென்னைப் பெண். அவளுடைய பாடப் புத்தகத்தில் அடர்த்தி என்று ஒரு சொல் இருந்ததாம். அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது என்றாள்.

கவனியுங்கள், கேள்வி களத்தில் பிறந்தது. அதற்குப் பெயர் வைத்தது பாடப் புத்தகம்.

ஆளுக்கொரு பாத்தி

சென்னைப் பிள்ளைகளுக்கு முதல் பத்து நாள் சாப்பாடு பெரிய பாடு. கொண்டுவந்த பிஸ்கட்டும் நூடுல்ஸும் தீர்ந்தது. பூங்கார்க் கஞ்சியைப் பார்த்து, "பெரியம்மா, இது ஏன் சிவப்பா இருக்கு?" என்று தட்டைத் தள்ளினார்கள். திட்டவில்லை. கொல்லையில் ஆளுக்கு ஆறடிக்கு நாலடி ஒரு பாத்தி அளந்து கொடுத்தோம். என்ன போடலாம் என்பது அவரவர் இஷ்டம். தண்ணீர் அடிபம்பில் அடித்து அவரவரே ஊற்றணும்.

பிள்ளைகளுக்குப் பாத்தி கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

முதல் விதைப்பு கீரையாக இருக்கட்டும். முளைக்கீரை மூன்று நாலு நாளில் முளைக்கும், 25 நாளில் பறிக்கலாம். சின்னப் பிள்ளையின் பொறுமைக்கு அதுதான் சரியான பயிர். அடுத்து வெண்டை, அதற்கு 45 நாள் ஆகும். முதலிலேயே கத்தரி, மிளகாய் நாற்று என்று ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

உரத்துக்கு மக்கிய சாணமும் அமுதக் கரைசலும் போதும். பசுஞ்சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 250 கிராம், தண்ணீர் 10 லிட்டர். கலக்கி 24 மணி நேரம் நிழலில் வைத்து, 1 லிட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். பிள்ளைகளே அளந்து செய்யலாம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

பறித்ததை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். பையன் தன் பாத்திக் கீரையைத் தானே கூடையில் கொண்டுவந்தான். கடைந்து வைத்ததும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மே மாசம் முடிவதற்குள் பழைய சோறும் மோரும் கேட்டு வாங்கும் ஆளாகிவிட்டான்.

ஒரு போன், நாலு பிள்ளைகள்

இனி, மண் சொல்லித் தராத விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27-ல் தொடங்கியிருக்கணும். அது ஏப்ரல் 15-க்குத் தள்ளிப்போனது. பிறகு ஜூன் 1. பிறகு ஜூன் 15. ஒவ்வொரு தடவையும் அட்டவணையைக் கிழித்து, புதிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் அவளுக்கு ஒரு மூலை வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் அடுக்கும் இடத்தைக் காலி பண்ணி ஒரு பெஞ்சு போட்டோம். காலை 5 முதல் 7, பிறகு 10 முதல் 12 வரை யாரும் அவளை எந்த வேலைக்கும் கூப்பிடக்கூடாது.

இந்த விதியைக் காப்பாற்றுவதுதான் அந்த ஆறு மாசத்தில் கஷ்டமான வேலை. மாமியார் நல்லவர்தான், ஆனால் பழைய மனுஷி. "பொம்பளப் புள்ளைய கொஞ்சம் அடுப்படிப் பக்கம் விடேன், பரீட்சதான் எப்ப வருதுன்னே தெரியலையே" என்பார். வீட்டில் பிள்ளைகள் நாள் முழுக்க இருந்தால் வேலை எல்லாம் தானாகப் பெண் பிள்ளைகள் பக்கம் சாயும். அதைத் தடுக்க வேலைப் பட்டியல் ஒன்று எழுதினோம். பாத்திரம் கழுவுவது இரண்டு பையன்கள். சாணி அள்ளுவது என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும். "எங்க வீட்ல ஆம்பளப் புள்ள பாத்திரம் தேய்க்கிறதா?" என்று மாமியார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு வாரம்தான்.

ஜூன் 9-ஆம் தேதி தேர்வு ரத்து என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் வைத்து எல்லோருக்கும் தேர்ச்சி. தெருவே சந்தோஷப்பட்டது. இவள் மட்டும் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதாள். "நான் படிச்சதை யார்கிட்டம்மா காட்டுறது?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு குறித்த தேதியில் திறந்த தண்ணீர். குறுவைக்கு நாற்றங்கால் போடும் வேலையில் எல்லோரும் இறங்கிவிட்டோம். ஆனால் அந்த அழுகையை நான் மறக்கவில்லை. படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு என்பது நமக்கு அறுப்பு மாதிரி. விளைந்தது எவ்வளவு என்று அளந்து பார்க்கணும்.

பிறகு ஆன்லைன் வகுப்பு வந்தது. சென்னைப் பிள்ளைகள் இருவருக்கும் வகுப்பு. என் மகனுக்குக் கல்வித் தொலைக்காட்சி. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வாட்ஸ்ஆப்பில். கொழுந்தனார் போனை வேலைக்காக அவரே வைத்திருக்கணும். மிச்சம் ஒரே போன். அதற்கும் களத்து மேட்டில்தான் சிக்னல். சின்னப் பையன் வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம் திரையைப் பார்ப்பான். ஆறு மாசத்தில் எட்டு வகைப் பறவையைக் குரல் வைத்துச் சொல்லக் கற்றுக்கொண்டான். ஆனால் மார்ச்சில் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்த பையனுக்கு, செப்டம்பரில் பாதி எழுத்து மறந்துபோயிருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக்கூடாது.

எங்கள் வாசலுக்கு வெளியே

எங்கள் பிள்ளைகளுக்காவது நெல், கொல்லை, பெஞ்சு எல்லாம் இருந்தது. உளுந்து எடுக்க வந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மதியச் சோறே பள்ளிக்கூடத்தில்தான். சத்துணவுக்குப் பதிலாகப் பிறகு அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுத்தார்கள். ஆனால் கையில் கிடைத்த பொருள் வீட்டில் ஆறு பேருக்குப் பங்காகிவிடும். களத்துக்கு அம்மாவோடு வரும் பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி கொடுப்பது என்று வைத்தோம். கூலிக்கு மட்டும் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. "அவனும் ரெண்டு கை புடிச்சா கூலி சேர்த்துக் குடுப்பீங்களாக்கா?" என்று ஒரு அம்மா கேட்டபோது மறுப்பது சுலபமாக இல்லை. அவருக்குக் கொஞ்சம் உளுந்து கூடுதலாக அளந்து கொடுத்தோம்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, சாயங்காலம் புங்கமரத்தடியில் ஆறு பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து என் மகளும் ஓரகத்தியும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேதான் ஒரு சேதி வந்தது. மகளோடு படித்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. கூட்டம் கூட்டக்கூடாது, செலவும் மிச்சம், இதுதான் நேரம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நானும் என் மாமியாரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். 18 வயசுக்கு முன்னால் சட்டப்படி தப்பு, 1098-க்கு ஒரு போன் போனால் அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். மாமியார் வேறு மாதிரி சொன்னார்: "எனக்குப் பதினாலு வயசுல கட்டி வச்சாங்க. மொதப் புள்ள தங்கல. வேணாம்டி." அந்தச் சேதி அதுவரைக்கும் எனக்கே தெரியாது. கல்யாணம் நின்றது. அந்தப் பெண் பள்ளி திறந்ததும் பதினொன்றாவது போனாள்.

அதே தெருவில் ஒன்பதாவது படித்த ஒரு பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். திரும்பிப் பள்ளிக்கூடம் வரவில்லை.  பள்ளி திறப்பதற்குள் அவன் கையில் சம்பளம் வாங்கிப் பழகிவிட்டான்.

வரப்போகிறவர்களுக்கு

கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளோடு கிராமத்துக்கு வாருங்கள். வயலில் இறக்குங்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளை எந்தக் கஷ்ட காலத்திலும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக வயல் என்று நினைக்காதீர்கள். வயலும் வேண்டும், பள்ளிக்கூடமும் வேண்டும்.

பிள்ளை செய்யும் வேலை அதன் படிப்பையும் தூக்கத்தையும் விளையாட்டையும் தின்றால், அது கல்வி இல்லை, கூலி இல்லாத வேலை. வீட்டு வேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்காகிறதா என்று மாசம் ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்களோ, உங்கள் வயலில் வேலை செய்பவர் பிள்ளைக்கும் அதில் கொஞ்சமாவது போய்ச் சேரட்டும். விஷமில்லாத சோறு போடுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு அந்தக் கடமை உண்டு.

கடைசியாக ஒன்று. நிலம் வாங்கும்போது கிணறு இருக்கா, வண்டிப் பாதை இருக்கா, மண் எப்படி என்று பார்ப்பீர்கள். அதோடு ஊரில் அரசுப் பள்ளி நன்றாக நடக்கிறதா என்றும் பாருங்கள். நடக்கவில்லை என்றால், நிலத்தைத் திருத்துவதற்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை அந்தப் பள்ளிக்கும் ஒதுக்குங்கள்.