நாகம்மாளை ஏன் நமக்குப் பிடிக்கிறது?

கல்கி தம் நாவலுக்கு ‘பொன்னியின் செல்வன்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு உரியவன் அருள்மொழிவர்மன். பிற்காலத்தில் ராஜராஜ சோழனாக முடிசூடியவன். வீரம், பொறுமை, கருணை, தியாகம் என்று ஒரு மன்னனுக்கு வேண்டிய அத்தனை குணங்களையும் கல்கி அவனுக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் 1950-லிருந்து 1954 வரை அந்தத் தொடர்கதையை வாரம்தோறும் காத்திருந்து படித்தவர்களும் சரி, இன்று ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவர்களும் சரி, பெரும்பாலும் வந்தியத்தேவன் பக்கமே சாய்கிறார்கள். அவன் குறையில்லாதவன் அல்ல. அவசரக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன், தேவைப்பட்டால் கூசாமல் பொய் சொல்பவன். முன்னோர் ஆண்ட நாட்டை இழந்து, ஒரு குதிரையையும் இரண்டு ஓலைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்பவன். குணத்தில் உயர்ந்தவனை மதித்துவிட்டு, குறையுள்ளவனிடம் மனத்தைக் கொடுக்கிறோம். இதற்குக் காரணம் இருக்க வேண்டும். அருள்மொழி பதவியை மறுக்கிறான். வந்தியத்தேவன் ஒவ்வொரு பக்கத்திலும் எதையாவது விரும்புகிறான். இழந்த பெருமையை விரும்புகிறான், குந்தவையை விரும்புகிறான், அடுத்த வேளைச் சோற்றைக்கூட ஆவலோடு விரும்புகிறான். நல்லவர்களை நாம் வணங்குகிறோம். ஆசைப்படுகிறவர்களோடு கூடவே நடக்கிறோம். ஒரு பாத்திரம் வாசகருக்குப் பிடித்துப்போவதற்கு அடிப்படை அதன் நற்குணம் அல்ல, அதன் ஆசையும் அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கும் உலகமும்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்குச் சான்று தேட சோழ நாட்டில் நிற்க வேண்டியதில்லை. எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று நீளும் மேட்டுக்காட்டு மண்ணிலும், அதையொட்டிய கொங்குச் சீமையிலும் பிறந்த பாத்திரங்களே போதும். இங்கே அரசர்கள் இல்லை, அரண்மனைச் சதிகள் இல்லை. சோளத்தட்டும் கடலைக்கொடியும் ஆட்டுப்பட்டியும் பனைமரமும்தான் இருக்கின்றன. இந்த மண்ணிலிருந்து எழுந்த முதல் பெரிய பாத்திரம் நாகம்மாள். தாராபுரம் பக்கத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-ல் வெளிவந்த ‘நாகம்மாள்’, தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடியாக மதிக்கப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் தன் மகளோடு இருக்கிறாள். கணவனுக்கு வரவேண்டிய நிலப் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கதை முழுக்க அவள் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

நாகம்மாளை யாரும் சாந்தசொரூபி என்று சொல்ல முடியாது. வாய் கூர்மை, பிடிவாதம், யாருக்கும் அடங்காத நடை. ஊரில் பெயர் கெட்ட கெட்டியப்பனின் துணையை நாடுகிறாள். சின்னப்பனோ கொடியவன் அல்ல; உழைப்பாளி, குடும்பத்தைக் காப்பவன். கடைசியில் அவன் கொல்லப்படும்போது அந்தச் சாவுக்கு நாகம்மாளின் பிடிவாதமும் ஒரு காரணம். இப்படிப்பட்டவளை வாசகர் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் 80 ஆண்டுகள் தாண்டியும் அவளை விட்டு விலக முடியவில்லை. காரணம் அவள் கேட்டது நியாயம். 1937-ல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் உரிமையைக் கொடுத்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள விளைநிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் பெடரல் நீதிமன்றம் கூறிவிட்டது. காடுகரையைத் தவிர வேறு சொத்தே இல்லாத ஒரு குடியானவப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் வெறும் காகிதம். அடுத்த ஆண்டே அச்சில் வந்த நாகம்மாள், சட்டமும் ஊரும் உறவும் கொடுக்காத ஒன்றைத் தன் வாயை மட்டுமே நம்பிக் கேட்டாள். அவளுடைய நடத்தையை நாம் ஏற்காமல் போகலாம்; அவள் ஆசையை மறுக்க நம்மால் முடிவதில்லை. ஏற்க முடியாத நடத்தைக்கும் மறுக்க முடியாத ஆசைக்கும் நடுவே சிக்கிய இடத்தில்தான் அவள் நமக்கு உயிருள்ளவளாகிறாள்.

நாகம்மாளின் ஆசை காணி நிலம் என்றால், திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் படைத்த மனிதர்களின் ஆசைகள் இன்னும் எளியவை. ‘கூளமாதாரி’யின் கூளையன் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவன். பண்ணயக்காரர் மகன் செல்வனோடு சமமாக விளையாட வேண்டும், கூட்டாளிகளோடு கிணற்றில் குதிக்க வேண்டும், ஒரு பொழுதாவது யாருடைய அதட்டலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பவைதான் அவன் விருப்பங்கள். எந்தப் பையனுக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டியவை இவை. ‘மாதொருபாக’னில் காளியும் பொன்னாவும் கேட்பது ஒரு குழந்தை. கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை குறையாத தம்பதி அவர்கள். ஊரின் பேச்சு மட்டும் இல்லையென்றால் அந்தக் குறை அவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. ‘பூக்குழி’யில் குமரேசனும் சரோஜாவும் கேட்பது ஒரு பாறைமேட்டுக் குடிசையில் சேர்ந்து வாழும் வாழ்க்கை. இந்த ஆசைகளில் எதுவும் அளவு கடந்ததல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஊரே திரண்டு நிற்கிறது. ஆசை சிறிதாகவும் தடை பெரிதாகவும் இருக்கும்போது வாசகர் தம்மை அறியாமல் ஆசையின் பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

இங்கே எழுத்தாளரின் பங்கையும் கவனிக்க வேண்டும். பாத்திரத்தின் மேல் தீர்ப்புச் சொல்லாத எழுத்துதான் வாசகருக்கு அந்தப் பாத்திரத்தைச் சொந்தமாக்குகிறது. குழந்தையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆணோடு சேரலாம் என்று நாவலில் வரும் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாள் இரவுக்குப் பொன்னா போனது தவறா? காளி சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் சொல்லப்பட்டது. அவள் போனது காளிக்குத் தெரியாது. குழந்தை வேண்டும் என்று வற்புறுத்திய பெரியவர்களும் அவர்கள் நன்மையை நினைத்தவர்களே. குற்றவாளி என்று ஒருவரையும் சுட்டிக்காட்டாமல் பூவரச மரத்தடியில் காளியை நிறுத்திவிட்டு நாவல் முடிகிறது. அதற்குமேல் அவன் என்ன ஆனான் என்பதை ஆசிரியரே இரண்டு விதமாக யோசித்தார். 2014-ல் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. ஒன்றில் காளி இறந்துபோகிறான், மற்றொன்றில் உயிரோடு இருக்கிறான். படைத்தவருக்கே விடை ஒன்றாக இல்லாத இடத்தில், படிப்பவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு காளியை வைத்துக்கொள்ளலாம். நாம் நேசிக்கும் பாத்திரத்தில் பாதியை எழுத்தாளர் எழுதுகிறார். மீதியை நாம் எழுதிக்கொள்கிறோம்.

இந்த வாதத்துக்கு மறுப்பாகச் சிலவற்றைச் சொல்லலாம். முதலாவது, சொந்த ஊர்ப் பாசம். எடப்பாடிக்காரருக்குக் கூளையனைப் பிடிப்பது அவன் பேச்சும் அவன் நடக்கும் காடும் தமக்குத் தெரிந்தவை என்பதால்தான். இதில் ஆசைக்கும் தடைக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். தெரிந்த மண்ணும் காதுக்குப் பழகிய சொல்லும் இன்பம் தருவது உண்மையே. ஆனால் அது வாசலை மட்டுமே திறந்துவிடுகிறது. ‘கூளமாதாரி’ வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2005-ஆம் ஆண்டின் கிரியாமா பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த ‘மாதொருபாகன்’ 2018-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான நெடும்பட்டியலில் வந்தது. ‘பூக்குழி’ 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குச் சென்றது. பட்டியையும் பனங்காட்டையும் கண்ணால் பார்த்திராதவர்கள் இந்த மனிதர்களைத் தேடிப் படித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிந்தது மண் அல்ல, மண்ணில் நின்றவர்களின் ஏக்கம். இன்னும் வலுவான சான்று பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’. 2016-ல் வந்த அந்த நாவலின் நாயகி ஒரு வெள்ளாடு. ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று. அதற்குச் சாதி இல்லை, வட்டார வழக்கு இல்லை, நம்மோடு உறவுமுறை இல்லை. பிழைக்க வேண்டும் என்ற ஆசையும், பூவன் என்ற கிடாவின் மேல் வைத்த அன்பும் மட்டுமே இருக்கின்றன. அரசு காது குத்தி எண் மாட்டும் உலகத்தில் அந்தக் கறுப்புக் குட்டி படும் பாட்டை வாசகர் தம் பாடாக உணர முடிகிறதென்றால், பாசத்துக்கு வேர் ஊரில் மட்டும் இல்லை என்பது தெளிவாகிறது.

இரண்டாவது மறுப்பு, பொழுதுபோக்குப் பாத்திரங்கள் பற்றியது. தேவனின் துப்பறியும் சாம்புவையும் சுஜாதாவின் வசந்தையும் நாம் விரும்புவது சிரிப்புக்காகவும் விறுவிறுப்புக்காகவும்தானே; அவர்களுக்கு எந்த ஏக்கம் இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். சிரிப்பு ஒரு காரணம்தான். ஆனால் சிரிப்பு மட்டும் இருந்த எத்தனையோ பாத்திரங்கள் வந்த வேகத்தில் மறந்துபோயின. ஊரார் மந்தம் என்று நினைக்கும் ஒருவன் வெற்றி பெற வேண்டும் என்று நாம் உள்ளூர விரும்புவதால்தான் சாம்பு தற்செயலாக ஜெயிக்கும்போது மகிழ்கிறோம். எப்போதும் நிதானம் தவறாத அவன் சீனியர் கணேஷை விட, எதையாவது கண்டு ஆசைப்பட்டு அதட்டு வாங்கும் வசந்திடம் நமக்கு நெருக்கம் கூடுதல். உலகிலேயே புகழ்பெற்ற துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இது பொருந்தும். 1893-ல் கானன் டாயில் அவரைக் கதையில் சாகடித்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்தாண்டுகளில் ஆசிரியர் அவரை உயிரோடு மீட்டுக்கொண்டுவர வேண்டியதாயிற்று. ஹோம்ஸின் அறிவை வாசகர்கள் வியந்தார்கள். ஆனால் புதிர் கிடைக்காத நாட்களில் தவித்துப் போகும் அவருடைய பசிதான் அவரை எந்திரமாக இல்லாமல் மனிதராக வைத்திருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. அதுவும் இதே மண்ணிலிருந்து வருகிறது. ஆசைப்படும் பாத்திரத்தோடு வாசகர் நிற்பார் என்றால், ‘மாதொருபாக’னுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் ஏன் அவ்வளவு பெரிய எதிர்ப்பு எழுந்தது? 2015 ஜனவரியில் ஓர் எழுத்தாளர் தம் எழுத்தையே துறப்பதாக அறிவிக்கும் நிலை ஏன் வந்தது? தங்கள் குலமும் கோயிலும் இழிவுபட்டதாக உண்மையிலேயே வருந்தியவர்கள் அந்த எதிர்ப்பில் இருந்தார்கள். அந்த வருத்தத்தை அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் அப்போது ஊரில் பரவியது நாவல் அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்து நகலெடுத்த சில பக்கங்கள். பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பும், காளியின் தொண்டுப்பட்டியும், பொன்னா கேட்ட சொற்களும் அந்தப் பக்கங்களில் இல்லை. ஆசையை அறுத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் செயல். செயலை மட்டும் பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் விடை அது. வாசகரின் விடை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொன்னாவோடு கூடவே இருப்பது.

ஜெயகாந்தனுக்கு நேர்ந்ததும் இதையே காட்டுகிறது. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், முன்பின் தெரியாதவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள். கதை பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை ஜெயகாந்தன் எழுதினார். சிறுகதையில் பெயர்கூட இல்லாத பெண், நாவலில் கங்கா ஆனாள். 1972-ல் அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நிகழ்ச்சியாக மட்டும் இருந்தபோது ஊர் அவளைப் பற்றி விவாதித்தது. அவள் தனிமையையும் துணை தேடும் மனத்தையும் முழுதாகக் காட்டியபோது வாசகர் அவளைப் புரிந்துகொண்டார்.

ஆகவே, பிடித்த பாத்திரம் என்பது வெறும் ரசனைக் கணக்கு அல்ல. நேரில் சந்தித்தால் நாம் ஒதுங்கிப் போகக்கூடிய ஒரு மனிதரின் ஆசையைச் சில மணி நேரம் நம்முடையதாகத் தாங்கிப் பார்க்கும் பயிற்சி அது. பங்கு கேட்கும் விதவையை ஊர் வாயாடி என்று சொல்லும். நாகம்மாளைப் படித்தவர் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குவார். குழந்தை இல்லாத வீட்டைப் பற்றிச் சாதாரணமாக வீசப்படும் கேள்வி, பொன்னாவைப் படித்தவர் வாயில் எளிதில் வராது. சாதியின் பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லாமலே எழுதப்பட்ட ‘பூக்குழி’யைப் படித்தவருக்கு, ஓடி வந்து ஊருக்குள் நுழையும் ஒரு ஜோடியின் அச்சம் செய்தித்தாளில் வரும் ஒரு வரியாக மட்டும் இருக்காது.

எடப்பாடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவனைக் கொடுங்கள். அவனோடு கூளையனையும் நாகம்மாளையும் பூனாச்சியையும் கொடுங்கள். படித்து முடித்த பிறகு இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று கேட்காதீர்கள். இவர்கள் என்ன விரும்பினார்கள், அது ஏன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். எந்தப் பாத்திரத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் முன் அந்தப் புத்தகத்தை முழுவதும் படியுங்கள்.